பட்டியலில் நம் பெயர் எங்கே?

எங்கள் பள்ளியில், தலைமையாசிரியைச் சகோதரியின் அறை வாயிலில் ஒரு மரப்பலகை மாட்டப்பட்டிருக்கிறது. அரசுப் பொதுத்தேர்வில் ஆண்டுதோறும் பள்ளியில் முதலிடம் பெற்ற மாணவியரின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் சிறுமி முதல், தன் மகளைச் சேர்க்க வரும் தாய் வரை, அப்பலகையின் முன் ஒரு கணம் நின்று படிக்காதவர் இல்லை. மேலேயுள்ள பெயர்களைப் படித்து முடித்ததும் எல்லாருடைய கண்ணும் கீழே இறங்குகிறது. அங்கே இன்னும் எழுதப்படாத சில வரிகள் வெறுமையாக இருக்கின்றன. அந்த வெற்றிடத்தில் தன் பெயரை மனத்துக்குள் ஒரு முறையேனும் எழுதிப் பார்க்காத மாணவி எங்களில் உண்டா?

வென்றவர் பட்டியல் எதற்காக எழுதப்படுகிறது என்பதை அந்தப் பலகையிடமே நாங்கள் கற்றோம். வென்றவரைப் புகழ்வது அதன் வேலையில் பாதிதான். அடுத்து வருபவரை அழைப்பதுதான் மறுபாதி. இந்த ஆண்டு மலரில் நாங்கள் பேச எடுத்துக்கொண்டதும் ஒரு பட்டியலைப் பற்றித்தான். விருத்தாசலத்தில் எவரும் அதிகம் பேசாத ஓர் ஆட்டத்தின் பட்டியல் அது.

2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தித்தாள் வாசித்த எங்கள் தோழி, சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண், கத்தார் நாட்டின் தோகா நகரில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றதாக வாசித்தாள். எல்லாரும் கை தட்டினோம். தட்டி முடித்ததும் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது: "ஸ்னூக்கர் என்றால் என்ன?" உண்மையைச் சொல்வதானால், தட்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. அந்த வெட்கம்தான் இக்கட்டுரைக்கு வித்து.

ஆட்டமும் அதன் பிறப்பும்

ஸ்னூக்கர் என்பது ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள, பச்சைக் கம்பளி விரித்த மேசை மீது ஆடப்படும் ஆட்டம். கம்பளிக்கு அடியில் இருப்பது வழவழப்பாக இழைத்த பலகைக்கல். மேசை மீது 22 பந்துகள்: சிவப்பு 15, வேறு வண்ணங்களில் 6, வெள்ளை ஒன்று. நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே தட்டலாம். அது சென்று மற்றப் பந்தை முட்டி, ஓரத்திலுள்ள ஆறு குழிகளில் ஒன்றில் விழச் செய்யவேண்டும். சிவப்பு விழுந்தால் 1 புள்ளி. அடுத்து வண்ணப் பந்து ஒன்றை விழச்செய்யலாம். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7.

கணக்கில் ஆர்வமுள்ள தங்கைகளுக்கு ஒரு வினா. ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகப் புள்ளி எத்தனை? ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே விழச்செய்தால் 15 முறை 8, ஆக 120. பிறகு ஆறு வண்ணப் பந்துகளும் வரிசையாக விழுந்தால் 2 முதல் 7 வரை கூட்டி 27. மொத்தம் 147. இந்த எண்ணைத் தொடுவதே இவ்வாட்டக்காரர்களின் கனவு. தாய்லாந்தின் நுட்சரத் வோங்கருதாய் என்ற இளம்பெண் 2019-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் இதைத் தொட்டார். பெண்களில் அவரே முதல்வர்.

இவ்வாட்டம் எங்கோ பிறந்து நம்மிடம் வந்தது என்று எண்ணவேண்டாம். 1875-ஆம் ஆண்டில் ஜபல்பூரில் இருந்த பிரிட்டிஷ் படை முகாமில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, மழைக்காலப் பொழுதைப் போக்க பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தோடு வண்ணப் பந்துகளைச் சேர்த்து இதை உண்டாக்கினார் என்பர். சில ஆண்டுகளுக்குப் பின், நம் நீலகிரியிலே உதகமண்டலம் கிளப்பில் இதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. ஆக, பிறந்தது மத்திய இந்தியாவில்; ஒழுங்கு பெற்றது தமிழ் மண்ணில்.

பெயரின் கதை இன்னும் சுவையானது. 'ஸ்னூக்கர்' என்பது அந்நாளில் பிரிட்டிஷ் இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவனைக் கேலியாக அழைக்கும் சொல். ஆட்டத்தில் எளிதான பந்தைத் தவறவிட்ட ஒருவரைச் சேம்பர்லின் அப்படி அழைக்க, 'இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்கள்தாமே' என்ற எண்ணத்தில் அதுவே ஆட்டத்தின் பெயராயிற்று. புதிதாய் வந்தவர், இளையவர் என்ற பொருள் இந்த ஆட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அப்படியானால் இளையோர் போட்டி என்பது இதற்குப் பொருத்தமானதே அன்றோ?

இளையோர் பட்டியல் சொல்லும் செய்தி

தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத 21 வயதுக்குட்பட்டோருக்கு உலகப் போட்டி 1980-களின் பிற்பகுதியில் தொடங்கியது. அதன் பழைய வெற்றியாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தோம்.

1989-இல் வென்றவர் அயர்லாந்தின் கென் டோஹர்ட்டி. 1990-இல் இங்கிலாந்தின் பீட்டர் எப்டன். 1991-இல் போட்டி நடந்தது நம் அண்டை நகரமான பெங்களூரில். வென்றவர் ரோனி ஓசல்லிவன் என்ற இங்கிலாந்துச் சிறுவர். அதே ஆண்டு, பதினைந்து வயதில், ஒரு போட்டியில் 147 புள்ளியை எடுத்திருந்தவர் அவர். 1992-இல் பின்லாந்தின் ராபின் ஹல். 1993-இல் வென்ற பெயரைக் கண்டதும் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி: இலங்கையின் இந்திக்க தொடங்கொட. 1997-இல் ஹாங்காங்கின் மார்கோ பூ. 2002-இல் சீனாவின் டிங் ஜுன்ஹுயி, பதினைந்தே வயதில். 2003-இல் ஆஸ்திரேலியாவின் நீல் ராபர்ட்சன்.

இவர்களுள் டோஹர்ட்டி 1997-இலும், எப்டன் 2002-இலும், ராபர்ட்சன் 2010-இலும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகப் பட்டத்தை வென்றனர். ஓசல்லிவன் 2001 முதல் 2022 வரை ஏழு முறை வென்றார். டிங் ஜுன்ஹுயி பதினெட்டு வயதில், 2005-இல், தம் சொந்த நாட்டில் நடந்த சீன ஓப்பன் போட்டியில் ஸ்டீபன் ஹென்ட்ரி என்ற மாமல்லரை வீழ்த்தினார். அதைக் கண்டு சீனாவில் எண்ணற்ற சிறுவர்கள் கோலெடுத்தனர். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

நிற்க. எல்லாப் பயிரும் விளைந்துவிடவில்லை என்பதையும் இதே பட்டியல் சொல்கிறது. இதில் உள்ள சில பெயர்கள் அடுத்த சில ஆண்டுகளிலேயே செய்திகளிலிருந்து மறைந்தன. ஒருவர் பணத்திற்காகத் தோற்க இசைந்தார் என்று நிறுவப்பட்டு, பின்னாளில் எட்டாண்டுக் காலம் ஆடத் தடை பெற்றார். மறுபுறம், நம் நாட்டின் பங்கஜ் அத்வானி இந்த இளையோர் பட்டத்தை வெல்லாமலேயே, 2003-இல், பதினெட்டு வயதில், பெரியவர்களோடு மோதி உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். அதன்பின் பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலுமாக இருபதுக்கு மேற்பட்ட உலகப் பட்டங்களைக் குவித்தார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எளிதாக விளங்கும். நம் செராமிக் சூளைகளில் ஒரு கோப்பை இரு முறை சுடப்படுவதைப் பார்த்திருக்கிறோம். முதற் சூட்டில் வடிவம் உறுதிப்படும். ஆனால் அப்போது அதில் நீர் ஊற்றினால் உறிஞ்சிவிடும். மெருகுக் குழம்பு பூசி இரண்டாம் முறை சூளையில் வைத்து எடுத்த பின்னரே அது கோப்பை ஆகிறது. இளையோர் பட்டம் முதற் சூடு. அதைப் பெற்றவர் 'முடிந்தது' என்று நின்றுவிடலாகாது. பெறாதவர் 'உடைந்தோம்' என்று கலங்கவும் வேண்டாம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

பெயர்களைப் படித்து முடித்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே?"

ஆம், இல்லை. 1989 முதல் 2003 வரை நாங்கள் எழுதிய பெயர்கள் அனைத்தும் ஆண்களின் பெயர்கள். நம் நாட்டின் பழைய பெருமைகளை எடுத்தாலும் அப்படியே. 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், தனிநபர் ஆட்டம் ஒன்றில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம் தேடித்தந்தவர். 1984-இல் டப்ளினில் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் வென்றார். போற்றத்தக்க பெயர்கள். ஆனால் ஒரு சிறுமி இப்பட்டியலின் முன் நின்றால், கீழேயுள்ள வெற்றிடத்தில் தன் பெயரை எழுதிப் பார்க்க அவளுக்குத் துணிவு வருமா?

காரணம் என்ன? இது உடல் வலிமையால் மட்டும் வெல்லும் ஆட்டமன்று. எடை தூக்கவேண்டியதில்லை, எவரையும் இடித்து ஓடவேண்டியதில்லை. வேண்டுவன கூர்ந்த கண், நடுங்காத கை, பொறுமை, அடுத்த மூன்று பந்துகளை முன்கூட்டியே எண்ணும் அறிவு. வீட்டு அடுக்களையில் ஒரே நேரத்தில் மூன்று அடுப்புகளைக் கவனிக்கும் நம் தாய்மார்களுக்கு இவற்றில் எது குறைவு?

குறை திறமையில் இல்லை, அறையில் இருந்தது. மேசை இருந்த இடம் கிளப். கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறை, நெடுங்காலம் ஆண்கள் புகைபிடித்துக்கொண்டு மாலைப்பொழுதைக் கழிக்கும் இடமாகவே இருந்தது. பெண் உள்ளே வருவது வழக்கமன்று. சிறுமி வருவது நினைத்தும் பார்க்க முடியாதது. முழு அளவு மேசை ஒன்று ஒரு டன்னுக்கு மேல் எடை உள்ளது, விலையோ லட்சக்கணக்கில். அதைப் போட ஏறக்குறைய 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். வீட்டில் வைத்துப் பழக இயலாத ஆட்டம் ஆதலால், அறைக் கதவு எவருக்குத் திறந்ததோ அவர்களே ஆடினர். ஆடியவர்களே வென்றனர். வென்றவர்கள் பெயரே பட்டியலில் ஏறியது. பிறகு அந்தப் பட்டியலைக் காட்டியே, 'பார், இது ஆண்களின் ஆட்டம்' என்றனர்.

கதவு சிறிது திறந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த மகளிர் உலகப் போட்டியின் இறுதிக்கு நம் நாட்டின் வித்யா பிள்ளை சென்றார். ஹாங்காங்கின் இங் ஓன்–யீயிடம் 5–6 என்ற கணக்கில், ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் தோற்றார். 2010-களில் சர்வதேசக் கூட்டமைப்பு பெண் பிள்ளைகளுக்கும் தனியாக இளையோர் போட்டி நடத்தத் தொடங்கியது. 2018-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 16 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டத்தைக் கர்நாடகத்தின் கீர்த்தனா பாண்டியன் வென்றார். 2023-இல் பாங்காக்கில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில், இந்தூரின் அமீ கமானியும் நம் அனுபமாவும் இணைந்து ஆடி, இறுதியில் இங்கிலாந்து அணியை வீழ்த்தினர்.

பிறகு வந்தது தோகா. சென்னை மயிலாப்பூரில் ஒரு கிளப் மேசையில் சிறுமியாகக் கோல் பிடிக்கக் கற்று, இளையோர் தேசியப் போட்டிகளில் பலமுறை வென்று வந்தவர் அனுபமா. எதிரில் நின்றவர் அதே இங் ஓன்–யீ, மூன்று முறை மகளிர் உலகப் பட்டம் வென்றவர். முதல் நான்கு ஆட்டங்களில் ஆளுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டம் கடைசிக் கறுப்புப் பந்து வரை சென்றது. அதை விழச்செய்து, 68–60 என்று ஆட்டத்தையும் 3–2 என்று பட்டத்தையும் கைப்பற்றினார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

கதவு திறந்த சில ஆண்டுகளிலேயே இத்தனை பெயர்கள் என்றால், மூடியிருந்த நூறு ஆண்டுகளில் எத்தனை பெயர்கள் எழுதப்படாமலே போயினவோ!

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இதைப் படிக்கும் தந்தையர், 'இது சூதாட்ட இடங்களில் ஆடும் ஆட்டமாயிற்றே' என்று எண்ணலாம். அந்த அச்சம் வீண் அச்சம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். திரைப்படங்களில் தீயவர்கள் கூடும் அறை என்றாலே இந்த மேசையைத்தான் காட்டுகிறார்கள். பந்தயம் கட்டுவோர் எல்லா ஆட்டத்திலும் உண்டு, கிரிக்கெட்டில் இல்லையா? குற்றம் மேசையின் மேல் இல்லை. அதைச் சுற்றி நிற்போரிடம் உள்ளது. நல்லவர்கள் சுற்றி நின்றால் அது நல்ல மேசை. போட்டிகளில் ஆட்டக்காரர் தூய உடையணிந்து வருகிறார். தன் கை தவறிப் பந்தில் பட்டால், நடுவர் காணாவிட்டாலும் தானே எழுந்து சொல்லிவிடுவது இந்த ஆட்டத்தின் மரபு. இத்தகைய நேர்மையைத்தானே நம் சகோதரிகள் நாள்தோறும் நமக்குப் போதிக்கின்றனர்?

'விளையாட்டு படிப்பைக் கெடுக்கும்' என்பது தாய்மாரின் கவலை. அளவு மீறினால் கெடுக்கும்தான். ஆனால் ஒரு மணி நேரம் ஒரே புள்ளியில் மனத்தை நிறுத்தப் பழகிய பிள்ளை, அந்தப் பழக்கத்தைக் கணக்குப் பாடத்திற்கும் எடுத்துச்செல்வாள். தொலைபேசித் திரையில் விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு நாங்கள் இழக்கும் மணி நேரங்களை எண்ணிப் பார்த்தால், எது படிப்பைக் கெடுக்கிறது என்பது விளங்கும். எங்கள் குற்றத்தை நாங்களே ஒப்புக்கொள்கிறோம்.

'சரி, விருத்தாசலத்தில் ஸ்னூக்கர் மேசைக்கு எங்கே போவது?' இது நியாயமான கேள்வி. பள்ளிக்கு ஸ்னூக்கர் மேசை வாங்கித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பணத்திற்கு ஆய்வுக்கூடத்தையே புதுப்பிக்கலாம். நாங்கள் கேட்பது அதன் தங்கையை.

நம் திண்ணையில் உள்ள மேசை

கேரம் பலகையைச் சொல்கிறோம். இங்கேயும் நான்கு ஓரம், விழச்செய்யக் குழிகள், கருநிறமும் வெண்ணிறமும் ஒன்பது ஒன்பது காய்கள், நடுவில் சிவப்பு ராணி. கோலுக்குப் பதில் விரல். ஓரத்தில் பட்டுத் திரும்பும் காய், பட்ட கோணத்திலேயே திரும்பும் என்ற அதே இயற்பியல். மேசை 12 அடி. பலகை 29 அங்குலம். வேறுபாடு அளவிலும் விலையிலும்தான்.

கேரத்தில் தமிழ்நாட்டின் பெயர் உலகறிந்தது. சென்னையின் மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்று, 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-இல் பிரான்சு நாட்டில் மகளிர் உலகப் பட்டம் வென்றார். 2024-இல், ஆட்டோ ஓட்டுநரின் மகளான பதினேழு வயது காசிமா, அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்று திரும்பினார். தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. கிளப் இல்லை, பெரிய மேசை இல்லை. தெருவோரப் பலகையும், 'போய் ஆடு, அம்மா' என்று சொன்ன ஒரு தந்தையும் இருந்தனர்.

இந்த இடத்தில் எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம், இதைப் படிக்கும்போது அவளுக்கே தெரியும். அவள் வீட்டுத் திண்ணையில் தாத்தா காலத்துக் கேரம் பலகை ஒன்று உண்டு. எட்டு வயதில் தாத்தாவிடம் கற்றாள். பத்து வயதில் அண்ணனை வென்றாள். பன்னிரண்டு வயதில் தெருவில் அவளை வெல்ல ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த தெருப் பையன்கள்கூட அவளோடு மோத வருவார்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு முடிந்த வாரத்திலேயே பெரியம்மா சொன்னாராம்: "இனிமே திண்ணையில பையன்களோட உக்காந்து ஆடுற வேலை வேண்டாம்டி." யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. பலகை திண்ணையிலேயே இருந்தது. அவள் உள்ளே போனாள். அவ்வளவுதான். அண்ணன் இன்னும் ஆடுகிறார். அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்ப்பாள். "அண்ணன் தப்பான காயை அடிக்கிறப்ப எனக்கு விரல் துடிக்கும்" என்று எங்களிடம் ஒரு நாள் சொன்னாள்.

பெரியம்மாவை நாங்கள் குறை கூறவில்லை. அவர் பயந்தது ஊரின் வாய்க்கு. அவருக்கும் பதின்மூன்று வயதில் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் திண்ணை வேண்டாமென்றால், அவள் ஆட வேறு எந்த இடம் உண்டு என்று எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் பள்ளி நூலக மூலையிலும் ஒரு பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நான்கு பத்துக்கு மணி அடித்ததும் பேருந்துக்கு ஓடுகிறோம். அதன்மேல் தூசி படிகிறது.

கிளப் அறையின் கதவைப் பற்றி மேலே எழுதினோம். திண்ணைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள இந்தக் கதவு அதைவிடச் சிறியது, பூட்டுக்கூட இல்லாதது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறாமல் தடுக்க அதுவே போதும்.

எங்கள் வேண்டுகோள்

ஆகவே, மதிப்பிற்குரிய சகோதரிகளே, ஆசிரியைகளே, பெற்றோர்களே, நாங்கள் கேட்பவை நான்கு.

முதலாவது, நூலக மூலையில் உள்ள பலகையோடு இன்னும் மூன்று பலகைகள். இவற்றை முன்னாள் மாணவியர் அன்பளிப்பாகத் தர இயலும் என்று நம்புகிறோம்.

இரண்டாவது, வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணி வரை, ஓர் ஆசிரியையின் கண்பார்வையில் ஆட அனுமதி. நெய்வேலிப் பக்கமும் பெண்ணாடம் பக்கமும் செல்லும் தோழியர் அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். அதற்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அதை நாங்களே வீடு வீடாகக் கேட்டு வாங்கி வருகிறோம்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை, விருத்தாசலத்துப் பெண்கள் பள்ளிகள் அனைத்திற்கும் ஓர் இளையோர் கேரம் போட்டி. அரசுப் பள்ளி, எங்கள் பள்ளி என்ற வேற்றுமை வேண்டாம். சூளைத் தொழிலாளியின் மகளும், முந்திரித் தோப்புக்காரர் மகளும், இரயில்வே ஊழியரின் மகளும் ஒரே பலகையின் நான்கு பக்கமும் அமரட்டும்.

நான்காவதுதான் எங்கள் உள்ளத்துக்கு நெருக்கமானது. பரிசுக் கோப்பையைச் சென்னையிலிருந்து பித்தளையில் வாங்கவேண்டாம். கோப்பை செய்வதே தொழிலாகக் கொண்ட ஊர் நம்முடையது. நம் செராமிக் தொழிற்பேட்டையிலேயே ஒரு பீங்கான் கோப்பை வார்க்கச் சொல்வோம். ஆண்டுதோறும் வெல்பவளின் பெயரை எழுத, அதே சூளையில் சுட்ட சிறு சிறு பீங்கான் பட்டைகளைத் தயாரிப்போம். மெருகுக்கு அடியில் எழுதிச் சுட்ட எழுத்து வெயிலில் மங்காது, மழையில் கரையாது. பொதுத்தேர்வுப் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் அவற்றை ஒவ்வொன்றாகப் பதிப்போம். கீழே நிறைய இடம் விட்டுவைப்போம்.

தங்கைகளுக்கும் ஒரு சொல். தோகாவில் வென்ற பெண்ணைப் பார்த்துக் கை தட்டியதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நாம் எல்லாரும் உலகப் பட்டம் வெல்லப்போவதில்லை. இளையோர் பட்டம் வென்றவர்களே பலர் பாதி வழியில் நின்றுவிட்டார்கள் என்று பார்த்தோம். ஆனால் தோற்பதற்கும் ஒரு பலகையின் முன் உட்காரவேண்டும். உட்காராமலே எழுந்து போவதுதான் உண்மையான தோல்வி. ஆட்டத்தின் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்: அதற்குப் 'புதிதாய் வந்தவர்' என்று பொருள். தெரியாது என்று சொல்ல வெட்கப்படவேண்டாம். தெரிந்துகொள்ள வந்தவள் என்று சொல்லி அமருங்கள்.

எங்கள் தோழி இப்போது பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இக்கட்டுரையின் முதற்படியை அவளிடம் காட்டியபோது, ஒன்றும் சொல்லாமல் முழுவதும் படித்தாள். பிறகு நூலகத்துக்குப் போய், சுவரில் சாய்த்திருந்த பலகையை எடுத்துத் தரையில் படுக்க வைத்து, தாவணி முனையால் தூசியைத் துடைத்தாள். "பவுடர் இருக்காடி?" என்று கேட்டாள்.

இருக்கிறது. இடமும் இருக்கிறது. நேரம் மட்டும்தான் பெரியவர்கள் தரவேண்டும்.